டார்ச் ரிப்போர்ட்டில் சிஎம்வி ஐஜிஎம் பாசிட்டிவ், கலைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஈரோட்டுக்காரி

வணக்கம் அக்காக்களே, அண்ணன்களே. எனக்கு இப்போது பத்து வாரம். போன வருடம் ஒரு தடவை எட்டாவது வாரத்திலேயே தங்காமல் போய்விட்டது, அதனால் இந்தத் தடவை நாள் தள்ளியதிலிருந்து வீட்டில் எல்லோரும் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் தனியார் கிளினிக்கில், ஏற்கெனவே ஒன்று கலைந்திருக்கிறது, டார்ச் பேனலும் (வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கிற நாலு தொற்றுகளுக்கான ரத்த டெஸ்ட்) பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி என்று ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது.

டாக்ஸோபிளாஸ்மா: ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்.
ரூபெல்லா: ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்.
சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்): ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் 1.3 (1.0க்கு மேல் பாசிட்டிவ் என்று பக்கத்தில் போட்டிருக்கிறது, தடித்த எழுத்தில், நட்சத்திரக் குறியோடு).
ஹெர்ப்பிஸ் 1, 2 சேர்த்து: ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்.

இன்று காலை கொண்டுபோய்க் காட்டினோம். இது குழந்தையின் மூளையையும் காதையும் பாதிக்கிற வைரஸ், ரிஸ்க் எடுக்க வேண்டாம், இப்போதே மாத்திரையில் கலைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் அத்தை வெளியே வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார், வீட்டுக்காரர் இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் எதுவும் வேண்டாம் என்கிறார்.

எனக்குக் காய்ச்சல், உடம்புவலி என்று எதுவும் வந்ததாக ஞாபகமே இல்லை. நான் நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், ப்ரீகேஜி பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சோறு ஊட்டி, பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம் என் வேலைதான். அதிலிருந்து வந்திருக்குமா? ஹெர்ப்பிஸ் என்று கூகுளில் போட்டால் வருவதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை யாரிடமும் காட்டவே கூச்சமாக இருக்கிறது. கலைத்துத்தான் ஆக வேண்டுமா? இதற்கு மேல் ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீரம்சுந்தரம்

இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள் சிஸ்டர், கலைப்பது உட்பட. நான் மதுரையில் ஒரு லேபில் சீராலஜி பெஞ்சில் (ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கிற பிரிவு) வேலை பார்க்கிறவன். டாக்டர் இல்லை, ஆனால் இந்த 1.3 மாதிரி எண்களை அச்சடித்து அனுப்புகிற ஆளே நான்தான், அதனால் அது எவ்வளவு நம்பத் தகுந்தது என்று கொஞ்சம் தெரியும்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடிகள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் வாழ்க்கையில் எப்போதோ ஒரு தடவை அந்தக் கிருமி வந்திருக்கிறது (ரூபெல்லாவில் என்றால் தடுப்பூசியாகவும் இருக்கலாம்), அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவாகத்தான் இருக்கும், பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து, சளிக்காய்ச்சல் என்று நினைத்து மறந்திருப்போம். வைரஸ் போய்விடாது, உடம்புக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். என் ரத்தத்தை எடுத்தாலும் அப்படித்தான் வரும், உங்கள் டாக்டர் ரத்தத்தை எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

பிரச்சினை ஐஜிஎம். புதுத் தொற்று வந்தால் முதலில் கிளம்புவது அதுதான், அதனால் ஐஜிஎம் இருந்தால் புதுத் தொற்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சிஎம்வியில் ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கும், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட. பழைய வைரஸ் லேசாகத் தலைதூக்கினாலும் வரும். எப்ஸ்டீன் பார் மாதிரி வேறு வைரஸ் வந்தாலும், ருமட்டாய்டு ஃபாக்டர் (மூட்டுவாதக்காரர்களிடம் அதிகம் காணும் ஒரு ஆன்டிபாடி) இருந்தாலும் இயந்திரம் ஏமாந்து பாசிட்டிவ் காட்டும். 1.3 என்பது கோட்டை ஒட்டி நிற்கிற எண், அதே ரத்தத்தை வேறு கம்பெனி கிட்டில் போட்டால் நெகட்டிவ் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் எது உண்மை என்று பிரித்துக் காட்ட ஒரு டெஸ்ட் இருக்கிறது: சிஎம்வி ஐஜிஜி அவிடிட்டி. புதிதாக உண்டான ஐஜிஜி வைரஸை லேசாகத்தான் பிடிக்கும், மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். உங்கள் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) இரண்டு குழிகளில் வைத்து ஒன்றைச் சாதாரணமாகக் கழுவுவோம், இன்னொன்றை யூரியா கரைசல் ஊற்றிக் கழுவுவோம். யூரியாவுக்கும் அசையாமல் நிறைய ஐஜிஜி ஒட்டிக்கொண்டிருந்தால் ஹை அவிடிட்டி, அதாவது தொற்று வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இப்போது பத்து வாரத்தில் இருப்பதால் ஹை என்று வந்தால் கரு தங்குவதற்கு முன்னாலேயே வந்த தொற்று என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இதையே இருபது வாரத்தில் போய் எடுத்தால் ஹை வந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் ஆரம்ப வாரங்களில் வந்த தொற்றும் அதற்குள் ஹை ஆகியிருக்கும். அதனால் இந்த வாரமே கொடுங்கள். லேப்களில் மீதி சீரத்தைச் சில நாட்களாவது ஃபிரிட்ஜில் வைத்திருப்போம், போன் போட்டுக் கேட்டால் அதிலேயே போட்டுவிடலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின்போது முதன்முறையாகச் சிஎம்வி வந்தால் குழந்தைக்குப் போக 30 முதல் 40 சதவீதம் வாய்ப்பு. பழைய தொற்று என்றால் 1 சதவீதம் அளவில்தான். குழந்தைக்குப் போனாலும் எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வருவதில்லை, முதல் மூன்று மாதத்தில் போவதுதான் ஆபத்தானது.

ஹெர்ப்பிஸ் பற்றிக் கூச்சமே வேண்டாம். அவர்கள் 1, 2 இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்று என்பது காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அது. யாராவது ஒரு பாட்டி சின்ன வயதில் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். யார் மேலும் சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை.

அவிடிட்டி ரிசல்ட்டோடு ஃபீட்டல் மெடிசின் (வயிற்றுக் குழந்தைக்கான சிறப்பு மருத்துவம்) டாக்டர் ஒருவரைப் பாருங்கள், உங்களுக்குக் கோவை பக்கம்தான். அவசரப்படுத்தினால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 2021இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், குழந்தைக்குப் பெரிய குறைபாடு உறுதியானால் மருத்துவக் குழு ஒப்புதலோடு 24 வாரம் தாண்டியும் வழி இருக்கிறது. பத்தாவது வாரத்தில் இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

ஓசூர் அப்பா

அண்ணா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டார்ச் டெஸ்டே வீண் என்கிறீர்கள் போல. என் மனைவிக்கு முதல் மாதத்திலேயே நானே கேட்டு எடுக்க வைத்தேன், எல்லாம் நெகட்டிவ், நிம்மதி. கொஞ்சம் காசு செலவானாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? ஒன்றும் பார்க்காமல் விட்டுக் குழந்தை குறையோடு பிறந்தால் யார் பதில் சொல்வது?

சீரம்சுந்தரம்

ப்ரோ, கோபப்படாமல் கேளுங்கள். எல்லாம் நெகட்டிவ் என்றால் ஐஜிஜியும் நெகட்டிவா? அப்படியென்றால் அது நிம்மதிப்பட வேண்டிய விஷயமே இல்லை. ரூபெல்லா ஐஜிஜி நெகட்டிவ் என்றால் உங்கள் மனைவிக்கு ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை, கர்ப்பத்தில் ஊசி போட முடியாது (அது உயிருள்ள கிருமியை வலுவிழக்க வைத்துச் செய்த தடுப்பூசி), பிரசவம் ஆனதும் கட்டாயம் போட வேண்டும், பால் கொடுக்கும்போதும் போடலாம். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்று பார்த்ததும் மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிற ரிப்போர்ட்டுகளில் இது ஒன்று.

டார்ச் என்ற பட்டியலை 1971இல் நாமியாஸ் என்ற டாக்டரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சேர்த்தது, பிறந்த குழந்தைகளிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி அறிகுறி காட்டும் தொற்றுகளை ஒரு கூட்டமாக நினைவில் வைத்துக்கொள்ளத்தான். அதை ஒரே பாக்கெட்டாக்கி, அறிகுறி எதுவும் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், கரு கலைந்த எல்லோருக்கும் போடுவது பிறகு வந்த பழக்கம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு, திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களுக்கு வழக்கமாக டார்ச் பார்ப்பதைக் கைவிட வேண்டும் என்று 2011 வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது. சிஎம்வியோ டாக்ஸோவோ ஒரு கர்ப்பத்தைக் கெடுக்கலாம், வரிசையாக ஒவ்வொரு கர்ப்பத்தையும் கலைப்பதற்கு அவை காரணமாக இருப்பதில்லை. இவருக்கு ஒரு தடவைதான் கலைந்திருக்கிறது, அது நிறையப் பேருக்கு நடப்பது, பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு.

டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை வைத்துத்தானே எனக்குச் சம்பளம். காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால், அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால், ஸ்கேனில் குழந்தையின் மூளையில் சுண்ணாம்புப் புள்ளியோ வயிற்றில் நீரோ தெரிந்தால், அந்தச் சந்தேகத்துக்கு ஏற்ற டெஸ்டை எடுக்க வேண்டும். ஒரு காரணமும் இல்லாமல் நாலு கிருமிக்கு எட்டு எண்களை எடுத்தால் ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டத்தான் செய்யும். அப்புறம் என்ன நடக்கிறது என்பதற்கு இந்தத் தங்கையே உதாரணம்.

மையத்து அக்கா

சிஎம்வி பற்றித் தம்பி சொன்னதில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. எனக்கு வேறு கேள்வி கண்ணு. எச்ஐவி, விடிஆர்எல், எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான டெஸ்ட்) மூன்றும் பார்த்தாயா? நீ எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை. நான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் தருகிற இடம்) ஆலோசகராக இருக்கிறேன், தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து டார்ச் எடுத்துக்கொண்டு, இந்த மூன்றில் ஒன்றைக் கோட்டைவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உன் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் பதிவு செய்தாயா? பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்க எப்படியும் போகத்தான் வேண்டும், அங்கே மூன்றும் இலவசம், விரலில் குத்தி அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

ஏன் இந்த மூன்று என்றால், இவை மூன்றிலும் கண்டுபிடித்துவிட்டால் செய்வதற்கு வேலை இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தெரிந்ததே 1986இல் நம் சென்னையில்தான், மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்தத்தில். அந்தக் காலத்தில் கர்ப்பிணிக்குத் தெரிந்தாலும் கொடுக்க மருந்து இல்லை. மருந்து எதுவும் இல்லாவிட்டால் வயிற்றில், பிரசவத்தில், தாய்ப்பாலில் என்று எல்லாம் சேர்த்து 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குப் போகும். இப்போது தாய் தினமும் மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்குப் பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பிசிஆர் (கிருமியின் மரபணுவையே தேடுகிற டெஸ்ட்) பார்ப்போம். சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட் அப்போது உதவாது, தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தை ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து எங்களிடம் ஓடி வருகிறவர்களும் உண்டு.

விடிஆர்எல் என்பது சிபிலிஸுக்கு. பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள், ஆனால் இதைப் போல எளிதாகக் குணமாகிற கர்ப்பகாலத் தொற்று இன்னொன்று இல்லை. பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஊசி, வலிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒன்றோ, வாரத்துக்கு ஒன்றாக மூன்றோ போடுவார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே போட்டு முடித்தால்தான் குழந்தைக்கும் வைத்தியம் ஆனதாகக் கணக்கு. சிகிச்சை இல்லாமல் விட்டால் பாதிக்கு மேல் கெட்டதாகத்தான் முடியும்: வயிற்றிலேயே இறப்பது, குறைப்பிரசவம், தொற்றோடு பிறப்பது. விடிஆர்எல் சில சமயம் வேறு காரணத்துக்கும் லேசாகப் பாசிட்டிவ் காட்டும், அதனால் டிபிஎச்ஏ என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள். கணவருக்கும் சேர்த்து ஊசி போடாவிட்டால் இவளுக்குத் திரும்ப வரும். இந்த இடத்தில்தான் எங்களுக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றுகிறது. எனக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு மட்டும் போடுங்கள் என்று வாசலிலேயே நின்றுகொள்வார்கள். ரிசல்ட் என்னவென்று மாமியார் கேட்டாலும் நாங்கள் சொல்ல மாட்டோம், எச்ஐவியில் அது 2017 சட்டமே கொடுத்த உரிமை.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் பிரசவ நேரம்தான் முக்கியம். தாயிடமிருந்து பிறக்கும்போது இது தொற்றிக்கொண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும், அப்புறம் நாற்பது வயதில் ஈரல் சுருக்கம், புற்றுநோய் என்று வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி, ஒன்று ஒரு தொடையில், இன்னொன்று மறு தொடையில். தாய்க்கு வைரஸ் அளவு 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் மாத்திரையும் உண்டு. இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் கையில் வைத்திருக்க மாட்டார்கள், விலையும் அதிகம். அரசுத் திட்டத்தில் கொடுக்கிறார்கள், ஆனால் ஞாயிறு நள்ளிரவில் வலி எடுத்தபிறகு தேடினால் கிடைக்காது. பாசிட்டிவ் என்று தெரிந்தால் எட்டாம் மாதமே எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

உனக்கு மூன்றும் நெகட்டிவாகத்தான் இருக்கும் கண்ணு, இருந்தாலும் பார்த்து அட்டையில் எழுதிக்கொள்.

லாகூர்நேவ் வாசி

தங்கச்சி, நான் பிரான்சில் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். உங்களுடைய ரிப்போர்ட்டில் எல்லோரும் சிஎம்வியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், எனக்குக் கண்ணில் பட்டது முதல் வரி. டாக்ஸோபிளாஸ்மா இரண்டும் நெகட்டிவ். இங்கே அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் பிள்ளை பிறக்கும் வரைக்கும் மாதா மாதம் இரத்தம் குத்தி எடுப்பார்கள். 1978இல் கல்யாணத்துக்கு முன்னர் சோதிக்கச் சட்டம் வைத்தவர்கள், 1992இலிருந்து எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மாதச் சோதனை. எனக்கு முதல் பிள்ளையில் இது ஏன் என்று விளங்கவில்லை, மருத்துவிச்சியிடம் கேட்டபோது, இந்த நாட்டுச் சனம் இறைச்சியை இரத்தம் வடிய வடியச் சாப்பிடுகிறது, நீங்கள் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டா. நாங்கள் ஆட்டிறைச்சியை மூன்று விசிலுக்கு விடுகிற ஆட்கள் என்று சொன்னதும் சிரித்துவிட்டா, ஆனாலும் இரத்தம் எடுப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு இரண்டாவது பிள்ளையில் ஐந்தாம் மாதச் சோதனையில் பாசிட்டிவ் ஆகிவிட்டது. எதில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் கையுறை போடாமல் மண் கிளறினேன், அயல்வீட்டுப் பூனை அங்கேதான் வந்து போகும், அதுவாக இருக்கலாம். முந்தின மாத இரத்தத்தில் இல்லை, இந்த மாதத்தில் இருக்கிறது என்பதால் எப்போது தொற்றியது என்பதில் சந்தேகமே இல்லை. மாதச் சோதனையின் பலன் அதுதான், உங்களுடைய சிஎம்வி மாதிரி மூன்று மாதமா ஆறு மாதமா என்று மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. அடுத்த நாளே ஸ்பிராமைசின் குளிசை தொடங்கினார்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, வயிற்றைப் பிரட்டும். சில கிழமை பொறுத்து வயிற்றில் ஊசி விட்டுப் பன்னீர்க்குடத் தண்ணீர் எடுத்துப் பிசிஆர் பார்த்தார்கள், பிள்ளைக்குப் போகவில்லை. இந்தக் கிருமியில் ஒரு வினோதம் இருக்கிறது: கடைசி மாதங்களில் வந்தால் பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு கூட, ஆனால் பாதிப்புக் குறைவு. ஆரம்பத்தில் வந்தால் போகிறது குறைவு, போனால் மோசம், கண்ணையும் மூளையையும் தாக்கும். அவளுக்கு ஒரு வயது வரைக்கும் இரத்தமும் கண்ணும் பார்த்தார்கள், சுகமாக இருக்கிறாள்.

அங்கே மாதா மாதம் எடுக்க மாட்டார்கள், அது தேவை என்றும் நான் சொல்லவில்லை. பச்சை மரக்கறியை நன்றாகக் கழுவுங்கோ, அரைவேக்காட்டு இறைச்சி வேண்டாம், பூனை இருந்தால் அதன் மணலை வேறு யாராவது அள்ளட்டும். அவ்வளவும் போதும். பூனையைத் துரத்திவிடத் தேவையில்லை, சில பேர் அதையும் செய்கிறார்கள், பாவம்.

கும்பகோணம் டிகிரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தை மாதம் கல்யாணம். படித்ததும் பயமாகிவிட்டது. ரூபெல்லா ஊசி இப்போதே போட்டுக்கொள்ளலாமா? 2017இல் பள்ளிகளில் போட்டார்களே, அப்போது நான் காலேஜில் இருந்தேன், எனக்குப் போடவில்லை.

சீரம்சுந்தரம்

நல்ல கேள்வி. அந்தப் பிப்ரவரி 2017 முகாம் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரைக்குத்தான், உங்கள் வயதுக்காரர்கள் விட்டுப்போனவர்கள். முடிந்தால் ரூபெல்லா ஐஜிஜி மட்டும் பாருங்கள், பேனல் வேண்டாம். நெகட்டிவ் என்றால் எம்எம்ஆர் ஊசி (ரூபெல்லாவும் சேர்ந்த தடுப்பூசி) போட்டு ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் எடுக்காமலே போட்டாலும் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருப்பவர்களுக்குக் கெடுதல் இல்லை. இந்த டார்ச் பேனலின் நாலு கிருமிகளில் ஊசியாலேயே முழுதாகத் தடுக்க முடிகிறது இது ஒன்றுதான். 1941இல் சிட்னியில் கிரெக் என்ற கண் டாக்டர், கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளின் தாய்மாரைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்த விஷயம் இது. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைக்குக் கண், காது, இதயம் ஏதாவது ஒன்றில் அடி விழும். எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். தைக்கு முன்னால் நேரம் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

ஈரோட்டுக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவிடிட்டி ரிசல்ட் வந்துவிட்டது, ஆனால் நான் வேண்டியது மாதிரி வரவில்லை. ஹையும் இல்லை, லோவும் இல்லை, நடுவில் என்று போட்டிருக்கிறது. கோவையில் ஃபீட்டல் மெடிசின் டாக்டர் ஒருவரைப் பார்த்தோம், நிறைய நேரம் உட்கார வைத்துப் பேசினார், இப்போதைக்குக் கலைக்கும் பேச்சே வேண்டாம் என்றார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம், 20 வாரத்தில் ஸ்கேன், அதன்பிறகு வேண்டுமானால் பன்னீர்க்குட நீர் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்தபிறகுதான் கேள்விகள் வருகின்றன. ஏன் 20 வாரம் வரை காத்திருக்க வேண்டும்? இப்போதே நீர் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன? இதற்கு மாத்திரை இருக்கிறது என்று எங்கோ படித்தேன், உண்மையா? மையத்து அக்கா, நீங்கள் சொன்ன மூன்றும் பார்த்துவிட்டேன், வீட்டுக்காரரும் வந்து ரத்தம் கொடுத்தார், மூன்றும் நெகட்டிவ்.

மையத்து அக்கா

ரொம்ப சந்தோஷம் கண்ணு. அவர் முகம் சுளிக்காமல் வந்தார் பார், அதுவே பெரிய விஷயம்.

சீரம்சுந்தரம்

நடுவில் என்பது லேபில் எங்களுக்கே பிடிக்காத ரிசல்ட், ஆனால் பொய் சொல்லாத ரிசல்ட். இரண்டாவது ரத்தம் எடுப்பது எதற்கென்றால், ஐஜிஜி அளவு ஏறுகிறதா, ஐஜிஎம் இறங்குகிறதா என்று பார்க்க. முடிந்தால் அதே லேபில், அதே கிட்டில் கொடுங்கள், வேறு இடத்தில் கொடுத்தால் எண்களை ஒப்பிடவே முடியாது. ஐஜிஜி அப்படியே நின்றால் பழையது என்ற பக்கம்தான் சாயும். நாள் தள்ளியதும் முதன்முதலாகக் கொடுத்த ரத்தம் ஏதாவது லேபில் உறையவைத்து இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் அதில் பார்ப்பதைவிட நல்லது வேறில்லை.

நீர் இப்போதே எடுத்தால் ஏமாந்துபோவோம். வைரஸ் தாயிடமிருந்து நஞ்சுக்கொடிக்குப் போய், அங்கிருந்து குழந்தைக்குப் போய், அதன் சிறுநீரகத்தில் பெருகி, சிறுநீர் வழியாகத்தான் பன்னீர்க்குடத்துக்கு வருகிறது. அதற்குத் தொற்றிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், குழந்தையும் போதுமான அளவு சிறுநீர் கழிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்து நெகட்டிவ் என்று வந்தால் அந்த நெகட்டிவை நம்ப முடியாது.

மாத்திரை உண்மைதான். வாலசைக்ளோவிர், அம்மைக்கும் ஹெர்ப்பிஸுக்கும் கொடுப்பது. இஸ்ரேலில் செய்த ஆய்வு 2020இல் வந்தது, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் முதன்முறையாகத் தொற்று வந்தவர்களுக்குத் தினமும் 8 கிராம் கொடுத்ததில் குழந்தைக்குப் போவது நன்றாகக் குறைந்தது. 8 கிராம் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்குப் பதினாறு, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். புதுத் தொற்று என்று உறுதியானால்தான் அந்தப் பேச்சு, மெடிக்கலில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் என்பதால் இரண்டாவது ரத்தம் கொடுக்கும் அன்றே கேட்பது நல்லது.

பள்ளி வேலையை விடத் தேவையில்லை. பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும்தான் அது இருக்கும். பாத்ரூம் கூட்டிப்போய் வந்ததும், மூக்குத் துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அவர்கள் கடித்த பிஸ்கட்டை வாயில் போடாதீர்கள், உதட்டில் முத்தம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இடையில் எல்லாம் நல்லபடியாகப் போனாலும், குழந்தை பிறந்து 21 நாட்களுக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ சிஎம்வி பிசிஆர் எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் வயிற்றிலேயே வந்ததா, பிறந்தபிறகு தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. எச்சில் என்றால் பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுக்கச் சொல்லுங்கள், பாலில் இருக்கும் வைரஸ் கலந்து பாசிட்டிவ் காட்டிவிடும். பாசிட்டிவ் வந்தால், பிறக்கும்போது காது நன்றாகக் கேட்டாலும் பள்ளிக்கூடம் போகும் வயது வரை அவ்வப்போது கேட்கும் திறனைப் பார்க்க வேண்டும், இது மெதுவாகக் காதைக் குறைக்கிற ஆள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இதை ஒரு தாளில் எழுதி அட்டையோடு பின் போட்டு வைத்துவிடுங்கள், அங்கே இருக்கிற டாக்டருக்கு உங்கள் கதை எதுவும் தெரியாது.